அடிபட்ட காட்டுயிருக்கு யார் சிகிச்சை அளிக்கலாம்? வனவிலங்கு மறுவாழ்வுப் பயிற்சி குறித்து ஓர் எளிய விளக்கம்

பினாங்கில் பலத்த மழைக்காற்று வீசி ஓய்ந்த மறுநாள் காலையில், குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படமாவது வந்துவிடும். கூட்டிலிருந்து விழுந்த கொண்டைக்குருவிக் குஞ்சு, மேற்கூரைக்குள் தனியே கத்தும் மூசாங் (மரநாய்) குட்டி, மின்கம்பியில் அடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் லோத்தோங் குரங்கு என்று ஏதேனும் ஒன்று இருக்கும். படத்தின் கீழே, "பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுங்கள்", "வாழைப்பழம் வையுங்கள்", "பூனைக்கு ஊசி போடுகிற கிளினிக்கிற்கே கொண்டுபோங்கள்" என்று ஆலோசனைகள் குவியும். சொல்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆலோசனைகளுக்கு அடியில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. விலங்கு மருத்துவர் என்றால் எல்லா விலங்கையும் பார்ப்பார் என்பது ஒன்று. பாசம் உள்ள எவரும் காட்டுயிரை வளர்த்து மீண்டும் காட்டில் விட்டுவிடலாம் என்பது மற்றொன்று. இந்த வேலைக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது என்பதும், அது ஏன் இவ்வளவு கடுமையாக அமைந்திருக்கிறது என்பதும் பரவலாகத் தெரிவதில்லை.

இரண்டு வேலைகள், இரண்டு பயிற்சிகள்

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாத்தாவை எண்ணிப் பாருங்கள். அறுவை மருத்துவர் எலும்பைப் பொருத்திவிடுகிறார். சில வாரங்களில் அது கூடிவிட்டதும் எக்ஸ்ரேயில் தெரிகிறது. ஆனாலும் தாத்தாவால் ஐந்தாம் மாடி வீட்டிலிருந்து இறங்கிக் கோப்பிக் கடைக்குப் போய்வர முடியவில்லை. அவரை நடக்கவும் படியேறவும் பழக்குபவர் இயன்முறை சிகிச்சையாளர். மருத்துவர் இல்லாமல் அவர் வேலையைத் தொடங்க முடியாது. அவர் இல்லாவிட்டால் மருத்துவரின் வேலை பாதியில் நின்றுபோகும்.

காட்டுயிர் விஷயத்திலும் இப்படி இருவர் தேவைப்படுகிறார்கள். நோயறிதல், மயக்கம் கொடுத்தல், அறுவை, மருந்து ஆகியவை விலங்கு மருத்துவரின் பொறுப்பு. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் விலங்கு மருத்துவர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர் மட்டுமே அந்தத் தொழிலைச் செய்யலாம். அதன்பின் அந்த உயிருக்குத் தினமும் உணவளித்து, கூண்டு அமைத்து, நடத்தையைக் கவனித்து, பறக்கவோ மரமேறவோ இரை தேடவோ மீண்டும் தகுதியாக்குபவர் மறுவாழ்வாளர். வனவிலங்கு மறுவாழ்வு என்பது, காயமுற்ற, நோயுற்ற அல்லது தாயை இழந்த காட்டுயிரைத் தற்காலிகமாகப் பராமரித்து, தன் இனத்தோடு தானே பிழைக்கக்கூடிய நிலையில் அதன் வாழிடத்திற்குத் திருப்பி அனுப்பும் பணியாகும். 'தற்காலிகமாக', 'தானே பிழைக்கக்கூடிய' என்னும் இரண்டு நிபந்தனைகளில்தான் இந்தப் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. தாத்தாவுக்குச் சோறு போட வீட்டில் ஆள் உண்டு. காட்டில் விடப்பட்ட பருந்துக்கு அப்படி யாரும் இல்லை.

காட்டுயிரின் உடல் நம்மை எப்படிப் பார்க்கிறது

வீட்டு நாய் மருத்துவரைக் கண்டு பயந்தாலும், மனிதக் கை பட்டுப் பழகியது. காட்டுயிருக்கோ தன்னை நோக்கி நீளும் கை, தன்னைக் கொல்ல வரும் கை மட்டுமே. தடவிக்கொடுத்தால் அது அமைதியாவதுபோல் நமக்குத் தோன்றலாம். பெரும்பாலும் அது அச்சத்தால் உறைந்துபோன நிலைதான்.

இந்த அச்சம் உடலைச் சிதைக்கவும் வல்லது. துரத்திப் பிடிக்கப்பட்டு, பிடித்தபின்னும் திமிறிக்கொண்டே இருக்கும் விலங்கின் தசைகள், கிடைக்கும் உயிர்வளியைவிட அதிகமாக உழைக்கின்றன. அதனால் அமிலம் சேர்ந்து தசை நார்கள் உடைகின்றன. உடைந்த நார்களிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இதயத் தசையும் பாதிக்கப்படலாம். இதைப் பிடிப்புத் தசைச்சிதைவு என்று அழைக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், மரணம் உடனே நேராமல் சில நாள் கழித்தும் நேரலாம். "நேற்று நன்றாகத்தானே இருந்தது, இன்று ஏன் செத்துப்போனது?" என்று வருந்துகிறவர்களுக்குச் சில வேளைகளில் இதுவே விடையாக இருக்கிறது. அதனால்தான் எந்தப் பயிற்சியிலும் முதலில் கற்பிக்கப்படுவது சிகிச்சையன்று. இருட்டு, அமைதி, வெதுவெதுப்பு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பதுதான்.

பறவைகளுக்கு இன்னும் சில ஆபத்துகள் உண்டு. நமக்கு மூச்சிழுக்க உதரவிதானம் என்னும் தசை இருக்கிறது. பறவைக்கு அது இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்குக் காற்று உள்ளே போகும். குஞ்சு நழுவி விழுந்துவிடக் கூடாதே என்று அன்போடு உள்ளங்கையில் இறுகப் பிடிப்பவர், தெரியாமலேயே அதன் மூச்சை நிறுத்துகிறார். அதேபோல் பறவையின் மூச்சுக்குழல் வாசல் அதன் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. சொட்டு மருந்துக் குழாயால் அலகுக்குள் விடப்படும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் போய்விடலாம். பயிற்சி பெற்றவர் மெல்லிய குழாயை அந்த வாசலைத் தாண்டி உணவுப்பைக்குள் செலுத்தித் திரவம் கொடுக்கிறார். பார்ப்பதற்கு நொடிப்பொழுது வேலைதான். ஆனால் தகுந்தவரின் மேற்பார்வையில் பலமுறை செய்து பழகாதவர் அதைத் தொடக்கூடாது.

பசியும் ஏமாற்றும். பல நாள் பட்டினி கிடந்த உடல், சர்க்கரைக்குப் பதிலாகத் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழப் பழகியிருக்கும். அந்த நிலையில் வயிறு நிறைய உணவு கிடைத்தால் இன்சுலின் திடீரென்று உயர்கிறது. இரத்தத்தில் இருந்த பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து, இதயம் தடுமாறுகிறது. மறுஉணவூட்டல் கோளாறு எனப்படும் இது மனிதர்களுக்கும் வருவதுண்டு. ஆகவே முதலில் உடல் வெப்பம், பிறகு நீர்ச்சத்து, அதன்பின் சிறிது சிறிதாக உணவு என்னும் வரிசை மாறக்கூடாது. பசியோடு வந்த உயிரின் முன் தட்டை வைக்காமல் இருப்பது மனத்துக்கு மிகவும் கடினம் என்பதால்தான், இந்த வரிசையைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், காட்டுயிரைத் தொடுவது, பிடிப்பது, தண்ணீர் கொடுப்பது, உணவு கொடுப்பது ஆகிய நான்குமே தவறாகச் செய்தால் உயிரைப் பறிக்கக்கூடியவை. இந்த நான்கையும் சரியாகச் செய்யக் கற்பதுதான் பயிற்சியின் அடித்தளம்.

மருத்துவர் கூடுதலாக எதைக் கற்கிறார்?

செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் விலங்கு மருத்துவப் பட்டப்படிப்பு 5 ஆண்டுகள் நீடிக்கிறது. மாடு, ஆடு, கோழி, குதிரை, நாய், பூனை என்று நாட்டின் உணவுக்கும் வீடுகளுக்கும் தேவையானவற்றைச் சுற்றியே எந்த நாட்டிலும் இப்படிப்பு அமைகிறது. காட்டுயிர் அதில் ஒரு பகுதி. பட்டம் பெற்ற மருத்துவருக்கு அடிப்படை அறிவியல் முழுமையாகத் தெரியும். ஆனால் எறும்புத்தின்னிக்கு எவ்வளவு மயக்க மருந்து கொடுப்பது, மலைப்பாம்பின் உடல் வெப்பம் குறைந்திருக்கும்போது மருந்து எவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்பவை தனியே கற்க வேண்டியவை. பக்கத்துத் தெருக் கிளினிக் மருத்துவர், "இதை என்னால் பார்க்க முடியாது" என்று சொன்னால் அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. தன் அறிவின் எல்லையை அறிந்து நேர்மையாகச் சொல்பவர் அவர்.

இத்துறையில் மேலே படிக்க விரும்பும் மருத்துவர்களுக்குப் பல வழிகள் உண்டு. லண்டனின் அரச விலங்கு மருத்துவக் கல்லூரியும் லண்டன் விலங்கியல் கழகமும் இணைந்து காட்டுயிர் நலம் குறித்த முதுநிலைப் படிப்பை நடத்துகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென நிபுணர் தேர்வுகள் இருக்கின்றன. நம் வட்டாரத்திலேயே, ஒராங் ஊத்தான்களைப் பராமரிக்கும் மருத்துவர்கள் 2009 முதல் ஒரு ஆலோசனைக் குழுவாக இணைந்து, பயிலரங்குகளில் தங்கள் நோயாளிகளின் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்தக் கடைசி வகைதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. காட்டின் விளிம்பில் தனியே வேலை செய்யும் ஒரு மருத்துவருக்கு, அதே இனத்திற்கு அதே சிக்கலைத் தீர்த்த இன்னொருவரின் அனுபவம் கிடைப்பது எந்தச் சான்றிதழையும்விடப் பெரியது.

மறுவாழ்வாளர் எதைக் கற்கிறார்?

இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர், குட்டிகளைத் தூக்கிவைத்துப் பால் புகட்டுவதை மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். உண்மையில் தொடக்க நாட்கள் கூண்டு கழுவுவதிலும், பழமும் இலையும் நறுக்குவதிலும், எடை பார்ப்பதிலும் கழியும். எடை பார்ப்பதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. முப்பது கிராம் எடையுள்ள ஒரு குருவி மூன்று கிராம் இழந்தால், அது தன் உடலில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது என்று பொருள். கண்ணால் பார்த்தால் அந்த வேறுபாடு தெரியாது, தராசில்தான் தெரியும். ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில் எடுத்து எழுதிவைக்கப்படும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவை எடுக்கிறார்.

உணவு ஒரு தனிப் பாடம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்கு முதன்மையாக இலை தின்பது. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, நுண்ணுயிர்களின் உதவியால் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கிறது. ரொட்டியையும் இனிப்பு மிகுந்த பழத்தையும் கொடுத்தால் அந்த நொதிப்பே தாறுமாறாகிவிடும். நம்மவர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்தின் குஞ்சுக்கு வெறும் கோழி இறைச்சியை மட்டும் ஊட்டினால், இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுந்தும் சுண்ணாம்புச் சத்து குறைந்தும் இருப்பதால் எலும்புகள் மெலிந்து வளைகின்றன. காட்டில் அது எலும்போடு சேர்த்து முழு இரையையும் தின்றுதான் வளர்கிறது. மறுவாழ்வு நிலையத்திலும் அப்படியே கொடுக்க வேண்டும்.

கூண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோழிக்கூண்டுக் கம்பிவலைக்குள் அடைக்கப்பட்ட பருந்து, பயந்து மோதும்போதெல்லாம் வால் சிறகும் இறக்கைச் சிறகும் ஒடிகின்றன. ஒடிந்த சிறகு நம் தலைமுடிபோல் வளராது. அடுத்த சிறகுதிர்ப்பு வரை அது அப்படியே இருக்கும். அதாவது, எலும்பு கூடிய பின்னும், தவறான கூண்டினால் மட்டுமே அந்தப் பறவை மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்க நேரும். இதற்கு ஒரு பழைய கைவினை உதவுகிறது: அதே இனத்தின் உதிர்ந்த அல்லது இறந்த பறவையிலிருந்து பெற்ற சிறகை அளவு பார்த்து வெட்டி, சிறு மூங்கில் சீவலை இரண்டு தண்டுகளுக்குள்ளும் செருகிப் பசையால் ஒட்டுகிறார்கள். பறவை அதைக்கொண்டு பறக்கும். காலம் வந்ததும் அது உதிர்ந்து, சொந்தச் சிறகு முளைக்கும். நல்ல நிலையங்களோ முதலிலிருந்தே மூடிய சுவர்களையும் செங்குத்துக் கம்பிகளையும் பயன்படுத்தி, இந்த நிலை வராமலே பார்த்துக்கொள்கின்றன.

எல்லாவற்றிலும் கடினமான பாடம், பாசத்தைக் காட்டாமலிருப்பது. சில பறவைகளும் விலங்குகளும் பிறந்த சில நாட்களில் தம்மைப் பராமரிப்பவரையே தம் இனம் என்று மனத்தில் பதித்துக்கொள்கின்றன. இதற்கு உருப்பதிவு என்று பெயர். அவ்வாறு மனிதரைப் பதித்துக்கொண்ட ஆந்தை, வளர்ந்தபின் துணையாக ஆந்தையைத் தேடாது. மனிதரைக் கண்டு விலகவும் செய்யாது. இதைத் தவிர்ப்பதற்காகப் பராமரிப்பவர் முகத்தை மறைத்துக்கொள்கிறார், தாய்ப்பறவையின் தலைபோன்ற கைப்பொம்மையால் ஊட்டுகிறார், அருகில் பேசாமல் இருக்கிறார், முடிந்தவரை அதே இனக் குஞ்சுகளோடு சேர்த்தே வளர்க்கிறார். பெயர் வைத்து, மடியில் வைத்து, படம் பிடித்துப் பகிரப்படும் குட்டியைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அது காட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு ஒவ்வொரு படத்தோடும் சுருங்குகிறது என்னும் கவலைதான் வருகிறது.

இவற்றையெல்லாம் வார இறுதி வகுப்பு ஒன்றில் கற்றுவிட முடியாது. அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய அனைத்துலக வனவிலங்கு மறுவாழ்வு மன்றமும், 1982இல் தொடங்கிய தேசிய வனவிலங்கு மறுவாழ்வாளர் சங்கமும் இணைந்து, கூண்டின் அளவு முதல் நோய்த்தடுப்பு வரை இத்தொழிலுக்கான தரநிலைகளை வகுத்தன. அந்நாட்டில் வலசைப் பறவைகளைப் பராமரிக்கக் கூட்டரசு அனுமதி கேட்பவர், 18 வயது நிரம்பியவராகவும், குறைந்தது ஓராண்டுக் காலத்தில் பரவலாக 100 மணி நேர நேரடி அனுபவம் பெற்றவராகவும் இருக்க வேண்டும். அதில் அதிகபட்சம் 20 மணி நேரத்தை மட்டுமே வகுப்பறையில் ஈடுசெய்யலாம். ஓராண்டு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. குஞ்சு பொரிக்கும் பருவம், வலசைப் பருவம், சிறகுதிர்ப்புப் பருவம் என்று ஒவ்வொன்றிலும் வரும் நோயாளிகள் வேறு; ஒரு பருவத்தை மட்டும் பார்த்தவருக்கு மற்றவை தெரியாது.

இதுவரை கண்டதைத் தொகுத்தால், மருத்துவர் தன் பட்டத்தின் மேல் காட்டுயிர் அறிவைக் கட்டுகிறார். மறுவாழ்வாளர் உணவு, கூண்டு, நடத்தை ஆகியவற்றை நீண்ட கைப்பழக்கத்தால் கற்கிறார். இருவரும் சந்திக்கும் இடம் அடுத்து வருகிறது.

விடுவிக்கலாமா, கூடாதா?

காயம் ஆறிவிட்டது என்பது விடுவிப்பதற்குப் போதிய காரணம் ஆகாது. பருந்து எவ்வளவு தூரம் பறந்தபின் மூச்சு வாங்குகிறது, உயிருள்ள இரையைப் பிடிக்கிறதா, மனிதரைக் கண்டால் விலகுகிறதா, பரவக்கூடிய நோய் ஏதேனும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். வளர்ந்த விலங்கைப் பிடித்த இடத்திலேயே நேரடியாக விடுவது பெரும்பாலும் பொருந்தும். தாயின்றி வளர்ந்த குட்டியை, காட்டிலேயே அமைத்த கூண்டில் சில காலம் வைத்து, கதவைத் திறந்தபின்னும் உணவு வைத்துப் படிப்படியாக விலகுகிறார்கள். இதற்கு மென்விடுவிப்பு என்று பெயர். கூட்டமாக வாழும் குரங்கினங்களைத் தனியாகக் கொண்டுபோய் எங்கோ ஒரு காட்டில் விடுவது, எதிரிகள் நடுவே தள்ளுவதற்குச் சமம்.

சில உயிர்கள் திரும்பவே முடியாது. செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடிக்கப்படும் தேவாங்கு இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. அதன் கடி நஞ்சுள்ளது என்பதால் வியாபாரிகள் அதன் முன்பற்களை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பற்களால்தான் அது மரப்பட்டையைக் கீறிப் பிசின் உண்கிறது, எதிரியைக் கடித்து விரட்டுகிறது. பற்கள் போனபின் காட்டில் அதற்கு வாழ்வு இல்லை.

வலி தீராத, பிழைக்க வழியற்ற உயிரை வேதனையின்றி முடித்துவைக்கும் கருணை மரணமும் பயிற்சியின் ஒரு பகுதியே. தானே உண்ணவோ, நிமிர்ந்து அமரவோ, மேலும் காயப்படாமல் நகரவோ முடியாத, சிகிச்சையாலும் அந்த நிலை மாறாத வலசைப் பறவையை அவ்வாறு முடித்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க விதியே கூறுகிறது. நம்மில் பலருக்கு இது ஏற்கக் கடினமானது என்பதை நான் உணர்கிறேன். ஆனால், பறக்க முடியாத பருந்தை இருபது ஆண்டுகள் சிறு கூண்டில் வைத்திருப்பதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோய் இரண்டு பக்கமும் பாயும்

விலங்கிலிருந்து மனிதருக்கும் மனிதரிலிருந்து விலங்குக்கும் பரவும் நோய்களை விலங்குவழி நோய்கள் என்கிறோம். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிகள் வழியாக வந்த நிப்பா கிருமி, நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. நீண்டவால் குரங்குகளிடமுள்ள ஒருவகை மலேரியா ஒட்டுண்ணி, கொசு வழியாக இன்றும் மலேசியர்களைத் தாக்குகிறது. மறுபுறம், மனிதரின் காசநோய் ஒராங் ஊத்தானுக்குத் தொற்றக்கூடியது. அப்படித் தொற்றிய ஒன்று காட்டுக்குத் திரும்பினால், ஒன்றைக் காப்பாற்றி ஒரு கூட்டத்தையே இழக்க நேரும். தடுப்பூசி, கையுறை, முகக்கவசம், புதிதாக வந்த விலங்கைத் தனிமைப்படுத்துதல் என்று பயிற்சியில் இவ்வளவு நேரம் செலவாவது இதனால்தான்.

நம் நாட்டில் எங்கே, எப்படி?

தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறையான பெர்ஹிலித்தான் அதை நிறைவேற்றுகிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். தேவாங்கு, எறும்புத்தின்னி போன்ற முழுப் பாதுகாப்புப் பெற்றவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். எனவே வீட்டுப் பின்கட்டில் தனியொருவர் மறுவாழ்வு நிலையம் தொடங்க முடியாது. பேராக் மாநிலத்தின் சுங்கையில் துறையின் தேசிய வனவிலங்கு மீட்பு மையமும், பகாங்கின் கோலா கண்டாவில் யானைகளுக்கான மையமும் உள்ளன. சபாவின் செப்பிலோக்கில் 1964 முதல் ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையமும், அதன் அருகிலேயே 2008இல் நிறுவப்பட்ட சூரியக் கரடி மையமும் இயங்குகின்றன.

தன்னார்வலராகச் சேர விரும்பும் இளையோர் ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே விலங்குகளைத் தூக்கிப் படமெடுக்க அனுமதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். அனுமதித்தால் அங்கே கற்க ஒன்றுமில்லை. கூண்டு கழுவுவதை வேலையாகக் கொடுத்து, விலங்கிடமிருந்து தள்ளி நிற்கச் சொல்லும் இடமே கற்பதற்கு ஏற்றது. தீவை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2016இல் தொடங்கிய பினாங்கு லங்கூர் திட்டம், தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலையின் மேல் மரத்துக்கு மரம் பாலம் அமைத்தது. லோத்தோங் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக 2019இல் அமைத்த அந்தப் பாலத்தைப் போன்ற முயற்சிகள், மருத்துவருக்கு வரும் நோயாளிகளின் எண்ணிக்கையையே குறைக்கக்கூடியவை.

பயிற்சி இல்லாதவரும் செய்ய வேண்டியது உண்டு. சிறகு முளைத்துத் தத்தித் தத்தித் திரியும் குஞ்சு என்றால், அது பறக்கக் கற்கிறது. தாய் அருகிலேயே இருக்கும். பூனையை விலக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். சிறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. காயம் இருந்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, குஞ்சின் மேல் ஒரு துணியைப் போர்த்தி மெதுவாக உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். குரங்கு, மூசாங், பாம்பு, பருந்து, வௌவால் போன்றவற்றை நீங்களாகத் தொடாதீர்கள். அருகில் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு பெர்ஹிலித்தானை அழையுங்கள். உணவும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். எந்தச் சாலையில், எந்த மரத்தடியில், எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். அந்த உயிர் பிழைத்தால், அதைத் திரும்ப எங்கே கொண்டுபோய் விடுவது என்பதை மறுவாழ்வாளர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.